கிழக்கே பார்த்த ஆன்டெனா

பாம்பன் கடற்கரையில் பழைய டிவியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவருக்கு கிரிக்கெட், இன்னொருவருக்குப் பாட்டு. சூசைமுத்து மட்டும், “பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டுவாங்களே, அது மாதிரி இப்ப எவன் காட்டுறான்” என்று அலுத்துக்கொள்வார். இது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத்துப் பேச்சு. அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது. டீக்கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் எந்த டிவியில் என்ன எழுத்தைப் படித்தார் என்பது ஊரறிந்த கதை. அவருக்கு அதில் வெட்கமெல்லாம் போய் வெகுகாலமாகிவிட்டது.

கடலில் சூசைமுத்துவை அசைக்க ஆள் கிடையாது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று முதல் நாளே சொல்வார். கரையேறி மீனவர் சங்கத்து மேசைக்கு முன்னால் நின்றால்தான் கதை மாறும். பெருவிரலை மைப்பெட்டியில் அமுக்கித் தாளில் ஒற்றிவிட்டு, வெளியே வந்ததும் மணலில் தேய் தேய் என்று தேய்ப்பார். தோல் உரியுமே தவிர மை போகாது. அந்த விரலோடு வீட்டுக்குப் போவது அவருக்குப் பெரிய தண்டனை. ஏனென்றால் வீட்டில் இருந்தவள் படித்தவள்.

பெண் பார்த்தபோது தரகர் அடித்துச் சொல்லியிருந்தார், அற்புதம்மாள் அஞ்சாங்கிளாஸ் என்று. அந்தக் காலத்தில் அந்தக் கரையில் அது கலெக்டர் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து அவள் ஜெபப் புத்தகத்தை விரித்து வாயசைப்பதை, ஆண்கள் பக்கமிருந்து சூசைமுத்து பார்ப்பார். பெருமை பாதி, பயம் பாதி. யாரிடமிருந்தாவது கடிதம் வந்தால் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். சாயங்காலம், “எல்லாரும் சொகமா இருக்காகளாம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். படித்தவர்களுக்குப் பேச்சு குறைவு என்று சூசைமுத்து நினைத்துக்கொள்வார். இருபது வருஷம் அப்படியே நினைத்தார்.

எண்பத்து நாலில் இறால் நன்றாகப் பட்டது. ராமநாதபுரம் போய் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கி வந்தார். டெல்லியும் சென்னையும் அந்தக் கரைக்கு எட்டவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இலங்கை டிவி கண்ணாடி மாதிரி விழுந்தது. நாற்பதடிக் குழாயை நட்டு, ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பிக் கட்டினார்கள். சாயங்காலமானால் தெருப் பிள்ளைகளெல்லாம் அவர் வீட்டுக் கூடத்தில்தான்.

பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் ஒரு பெண் வந்து பலகையில் ஒரு எழுத்தை எழுதி, பக்கத்தில் ஒரு படம் காட்டுவாள். முதல் நாள் ஒரு தாயின் படம். “அ, அம்மா” என்றாள். மறுநாள் ஒரு கிழவி. “ஆ, ஆச்சி” என்றாள். இன்னொரு நாள் காக்கையைக் காட்டி “காக்கா” என்றாள். சூசைமுத்து டிவிக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். யார் காலிலும் விழாமல், யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல், வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

நடுநடுவே அந்தப் பெண் சிங்களத்தில் பேசுவது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். இலங்கைக் காசிலும் ஒன்று ஒன்றுதான், நம் காசிலும் ஒன்று ஒன்றுதான். கணக்கு எழுத்து எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கும்போது மற்ற எழுத்து மட்டும் எப்படி மாறும்? பேச்சுத்தான் மாறும். ஆமையைக் காட்டி “இப்பா” என்றாள். ஊருக்கு ஊர் மீன் பேரே மாறுகிறது, ஆமைப் பேர் மாறாதா என்று விட்டுவிட்டார். பஸ் போர்டில் இருந்த எழுத்துகள் டிவி எழுத்துகளைப் போல இல்லை என்பது ஒரு தடவை உறுத்தியது. பெயின்டருக்குக் கை கோணல் என்று அதையும் தள்ளினார். பிள்ளைகளில் ஒன்றைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும். கேட்டால் சூசைமுத்து ஆவாரா?

தினமும் மடியில் கிழிந்த வலையைப் போட்டுக்கொண்டு டிவிக்கு நேர் முன்னால் உட்காருவார். பார்ப்பவர்களுக்கு வலை பின்னுவது போலிருக்கும். அந்த வலை இரண்டு வருஷமாகியும் கடலுக்குப் போகவில்லை. அவருக்குப் பின்னால் சுவரோரமாக அற்புதம்மாள் முறத்தில் கல் பொறுக்குவாள். பிள்ளைகள் சண்டை போடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று அவர் எண்ணம். விடியுமுன் கரையில் படகு மறைவில் குந்தி, விரலால் மணலில் எழுதிப் பார்த்து, ஆள் அரவம் கேட்டால் காலால் அழித்துவிடுவார். தன் பெயரை முழுசாக எழுத வந்த அன்று கடலுக்குப் போகப் பிடிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் அழுவது அசிங்கம் என்று தோன்றியும் கண்ணில் தண்ணீர் வந்தது.

எண்பத்தாறில் மகள் லீமாரோஸுக்குச் சம்பந்தம் வந்தது. அவள் கன்னியாஸ்திரிகள் விடுதியில் தங்கி டீச்சர் டிரெயினிங் முடித்தவள். மாப்பிள்ளை முத்துப்பேட்டை. மாப்பிள்ளையின் தகப்பனார் சந்தியாகு வாத்தியார் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருப்பார். நிச்சயத்துக்கு வந்த இடத்திலேயே, “கையெழுத்து நல்லா இருந்தாத்தான் ஒருத்தன் பாதி மனுசன்” என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். சூசைமுத்து தன் பெருவிரலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். இந்த ஆளின் முன்னால், மகளின் கல்யாணப் பதிவேட்டில் மை தொடக்கூடாது. அது ஒன்றுதான் அதற்குப் பிறகு அவர் வேண்டிய வேண்டுதல்.

கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு, புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒரு புது வழக்கத்தையும் சேர்த்து வாசித்தார்: இனிமேல் தகப்பன் மட்டும் போதாது, தாயும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அற்புதம்மாள் பேசவில்லை. தன்னை நினைத்து வருத்தப்படுகிறாள் என்று சூசைமுத்து அர்த்தம் பண்ணிக்கொண்டார். பொறுடி பொறு, அன்னைக்குப் பாரு என்று மனசுக்குள் சிரித்தார்.

தாலி கட்டியாயிற்று. பீடத்துக்குப் பக்கத்து அறையில் பதிவேட்டை விரித்தார்கள். வாத்தியாரும் அவர் மனைவியும் கையெழுத்துப் போட்டார்கள். சாமியார், மீனவர் என்றால் கைநாட்டுத்தான் என்ற பழக்கதோஷத்தில் மைப்பெட்டியைச் சூசைமுத்து பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாக, வட்ட வட்டமாக, வியர்த்து விறுவிறுத்து எழுதி முடித்து நிமிர்ந்தார். எல்லாரும் பதிவேட்டையே பார்த்தார்கள். பாராட்டத்தான் வார்த்தை தேடுகிறார்கள் என்று நினைத்தார்.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். “இது என்ன எழுத்து?”

சாமியார் இலங்கையில் கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு கப்பலில் திரும்பி வந்தவர். குனிந்து வாசித்தார். “சூசைமுத்து. தப்பில்லாம இருக்கு. ஆனா இது சிங்களம்ப்பா.”

வாசலில் நின்ற சனம் சிரித்தது. மாப்பிள்ளையும் வாயைப் பொத்திக்கொண்டான். லீமாரோஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் அவரைச் சுட்டது. மை வைத்திருந்தால் தற்குறி என்ற பெயரோடு போயிருக்கும். இப்போது தற்குறி, அதோடு கோமாளி.

“அந்த அம்மா படிச்சவுகதான? அவுக போடட்டும்” என்றார் வாத்தியார், பெரிய மனசோடு.

பேனா அற்புதம்மாள் கைக்குப் போனது. கணவர் எழுதியதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். மைப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. குனிந்து மெதுவாக எழுதினாள். அதே வட்டங்கள், அதே சுழிகள், கொஞ்சம் சின்னதாக.

சூசைமுத்துவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. இருபது வருஷம் யாருக்குப் பயந்து செத்தோம் என்ற கோபம்.

“அப்ப அந்த அஞ்சாங்கிளாசு?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“தரகன் சொன்னது. நான் எப்பச் சொன்னேன்” என்றாள், பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அடுத்த வீட்டு மீனம்மாதான் கடுதாசியெல்லாம் வாசிச்சுச் சொல்லும். டிவியில பாத்து நானும் அடுப்புச் சாம்பல்ல எழுதி எழுதித்தான் படிச்சேன். அதுலயும் நீங்க முன்னாடி மறைச்சுக்கிட்டு ஒக்காந்துருப்பீக. பாதி எழுத்து எனக்குத் தெரியவே செய்யாது.”

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடலில் தனியாகக் கிடந்தவனுக்குப் பக்கத்தில் இன்னொரு படகு தெரிந்தது போல் இருந்தது.

வாத்தியார் பதிவேட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “என்ன எழுதியிருக்குன்னு யாரு கண்டா?”

சாமியார் வாசிக்க வாயெடுத்தார். சூசைமுத்து குறுக்கே கையை நீட்டிப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். எழுத்துக்கடியில் விரலை வைத்து நகர்த்தினார். தன் பெயரைத் தவிர வேறொரு சொல்லை அவர் அதுவரை வாசித்ததில்லை. வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்க, ஒவ்வொன்றாக வாசித்தார்.

“அற்... பு... தம்... மாள்.”

பிறகு சம்பந்தியைப் பார்த்து, “சரியாத்தான் எழுதியிருக்கா” என்றார்.