ஆகாயத்தாமரையை வெட்டிய விவசாயி மகன்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முக்கொம்புக்குப் பக்கத்தில் என் அக்கா ஊரில் நடந்தது இது. அத்தான் காலில் கட்டோடு படுத்திருந்தார். அக்கா தனியாகப் பாடுபட்டு விட்டிருந்த நாற்றங்கால் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மதியம் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்றார்கள். ஆனால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. அதை எடுக்காவிட்டால் நாற்று கருகிவிடும்.

உதவிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பசுமைக் குழுவை அக்கா வரச் சொல்லியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கைலாசபுரத்தில் குடியிருந்துகொண்டு, இருபத்தைந்து வருடமாக ஃபேனுக்கு அடியில் ஃபைல் புரட்டுகிறவன் நான். ஆனாலும் வரப்பில் கால் வைத்தால் ‘விவசாயி மகன்’ என்ற திமிர் வந்துவிடும். சுற்றுச்சூழல் ஆட்கள் என்றால் செல்ஃபி, அறிவுரை, கிளம்புவது. அவ்வளவுதான் என் எண்ணம்.

வேனிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லார் தோளிலும் துணிப்பை! கூடவே லுங்கி கட்டிய ஒருவர், தோளில் கயிற்றுச் சுருளோடு. கூலிக்கு வந்தவர் என்று நினைத்து அவர் காதைக் கடித்தேன்.

“அண்ணே, இவங்க போட்டோ எடுப்பாங்க. வேலையெல்லாம் உங்க தலையிலதானே?”

“பாப்போங்க சார்” என்று சிரித்தார்.

வாய்க்காலுக்குக் குறுக்கே கயிறு போட்டு, இரண்டு கரையிலும் நின்று, பாயைச் சுருட்டுவது மாதிரி இழுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் இடுப்பளவு சேற்றில் நின்று தள்ளிக் கொடுத்தார். நானோ, இவர்களுக்கு வேலை கற்றுத்தர அரிவாளோடு இறங்கி, வெட்டித் தள்ளினேன்.

“வெட்டாதீங்க சார்! துண்டு மிதந்து போய் அடைச்சுக்கும்!” லுங்கிக்காரர் கத்தினார்.

“எங்களுக்கேவாண்ணே?” என்றேன்.

தண்ணீர் வந்தது. நான் வெட்டிய துண்டுகள் ஊர்வலமாகப் போய், அக்கா வயலுக்குப் போகும் சிமெண்ட் குழாயில் குடியேறின. தண்ணீர் மேலே ஏறி, கரை கரைய ஆரம்பித்தது.

“எரும மாடே! என் நாத்து போச்சுடா!” அக்கா அலறினாள்.

நான் பாய்ந்தேன். அதாவது, இரண்டடி வைத்ததும் முழங்கால் வரை சேற்றில் புதைந்து, கம்பம் மாதிரி நின்றேன். லுங்கிக்காரர் மூச்சைப் பிடித்துக் குழாய் வாயில் முங்கினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை ஒரு பெரிய கொத்தை நெஞ்சோடு அணைத்து, இருமிக்கொண்டே எழுந்தார். தண்ணீர் குழாய்க்குள் புகுந்து நாற்றங்காலைத் தொட்டது. அக்கா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு என்னையும் கயிறு கட்டித்தான் இழுத்தார்கள்.

டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அந்தக் குழுவை ஆரம்பித்தவரே அவர்தான். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க சார். வாரம் பூரா மூட்ட தூக்குறேன், ஞாயித்துக்கெழம தாமர தூக்குறேன். ரெண்டயும்விட இன்னிக்குத் தூக்குன நீங்கதான் கனம் ஜாஸ்தி.”

அக்கா உடனே, “இவனையும் குழுவுல சேத்துக்கங்க. தண்ணி தேக்கணும்னா குறுக்க படுக்க வைக்கலாம்” என்றாள்.

உடம்பு நோக உழைப்பவர் யார், மண்ணுக்காகவும் தண்ணீருக்காகவும் கவலைப்படுபவர் யார் என்று உடையைப் பார்த்தே தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தவன் நான். அந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக, என் அக்காவின் நாற்றுக்காக இருமிக்கொண்டே தண்ணீரிலிருந்து எழுந்த நொடி இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.