வெள்ளத்தைத் தாண்டிய கம்பி

அறுபதுகளின் நடுவில் பம்பாய் தாராவியில், கடலோரக் கழிமுகத்தை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். பெருமழையும் கடலேற்றமும் சேர்ந்து வந்தால், எங்கள் சந்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் ஏரியாகிவிடும்.

அப்படி ஒரு மழையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. அவள் புருஷன் நீந்திப் போய், ரோட்டில் கிளினிக் வைத்திருந்த மாட்டுங்காத் தமிழ் டாக்டர் மூலம் போனில் ஆம்புலன்சுக்குச் சொன்னார். அதற்குள் வெள்ளம் ஏறிவிட்டதால் திரும்ப முடியவில்லை. வண்டி வந்ததும் அங்கிருந்தே கத்தியிருக்கிறார். மழைச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டி வந்தது தெரியாமல் அவளைத் தண்ணீரில் இறக்கப் பயந்து நாங்கள் காத்திருக்க, காத்துக் காத்து வண்டி திரும்பிப் போய்விட்டது. குழந்தை தங்கவில்லை.

"வண்டி வந்துட்டுன்னு தெரிஞ்சிருந்தா என்னைக் கட்டிலோட தூக்கியிருப்பீங்கள்லா மதினி?" என்று பிறகு ஒருநாள் கேட்டாள். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

நான் வடாலாவில் ரேடியோவுக்குக் கம்பிச்சுருள் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்தேன். ஈயம் பற்றவைக்கத் தெரியும். வெள்ளத்தைத் தாண்டிப் பேச வழி உண்டா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "வயர்லெஸ்னா லைசென்ஸ் வேணும். பழைய காதுபோன் ரெண்டைக் கம்பியால சேர்த்தா, ஒண்ணுல பேசினா இன்னொண்ணுல கேக்கும், பேட்டரி இல்லாமலே பேசலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் குர்லா பழைய இரும்புக் கடைகளுக்குப் போனோம். பட்டாளம் கழித்துப் போட்ட காதுபோன்கள் அங்கே குவியலாகக் கிடந்தன. "பேக்கார் ஹை, பாயி" என்று, எதற்கும் உதவாததை வாங்குகிறோமே எனக் கடைக்காரர் சிரித்தார். அவற்றின் வயரை டார்ச் செல்லில் தொட்டுப் பார்த்து, 'டிக்' என்று சத்தம் கொடுத்தவற்றை மட்டும் பொறுக்கினேன். பட்டறையில் கழித்த துண்டுக் கம்பிகளைக் கேட்டு வாங்கி ஒன்றோடொன்று பற்றவைத்து, இணைப்புகளில் சைக்கிள் டியூப்பைச் சுற்றினேன். தோல் பதனிடும் பட்டறையில் வேலை செய்த எதிர்வீட்டு அண்ணாச்சி, காதுபோன்களை வைக்கக் கழிவுத் தோலில் இரண்டு தோள்பைகள் தைத்து, மழைநீர் இறங்காமல் மெழுகு தேய்த்துத் தந்தார்.

முதல் சோதனையில் வெறும் கரகரப்புதான். "இது ஆகுத காரியமாத் தெரியல" என்றார் என் வீட்டுக்காரர். இணைப்பு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். அடுத்த ஞாயிறு தூறலில் நின்று காதில் வைத்தேன். சந்தின் மறுகோடியிலிருந்து, "மதினி, சோறு பொங்கியாச்சா?" என்று அவள் கேட்டது தெளிவாகக் கேட்டது. இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கம்பியை வெளியே கட்டிவைத்தால் யாராவது செம்புக்காக அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் உருளையில் சுற்றி வீட்டிலேயே வைத்தோம்.

அடுத்த மழைக்காலம். ஒரு காலையில் காற்றில் பிய்ந்த தகரம் அண்ணாச்சியின் தொடையைக் கிழித்துவிட்டது. பள்ளத்தில் கழுத்துக்கு மேல் தண்ணீர். ரயில் ஓடாததால், துறைமுகத்தில் இரவு வேலைக்குப் போன என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருஷனும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

"நான் போறேன். கம்பி அறுந்தா சேர்க்க எனக்குத்தான் தெரியும்" என்றேன்.

"இந்தப் பக்கத்துப் போனை எங்கிட்ட குடுங்க" என்று கை நீட்டினாள் அவள்.

இன்னொரு போனைத் தோள்பையில் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, காலி எண்ணெய் டிரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கயிற்றின் மறுமுனையை ஆண்கள் பிடித்துக்கொள்ள, அவள் உருளையிலிருந்து கம்பியை விட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் கால் தரை தட்டவில்லை. சாக்கடைத் தண்ணீரைக் குடித்தேன். கம்பி எதிலோ சிக்கியபோது அழுகையே வந்தது. திரும்பிப் போய் விடுவித்துக்கொண்டு மறுபடி போனேன்.

டாக்டரின் வாசலில் நின்று காதில் வைத்தேன். "மதினி, ரத்தம் நிக்க மாட்டேங்கு! என்ன செய்யணும்னு கேளுங்க!"

டாக்டர் ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "சுத்தமான துணியை மடிச்சுக் காயத்து மேல வச்சு பலமா அழுத்தச் சொல்லும்மா. நனைஞ்சா எடுக்கக் கூடாது, அது மேலயே இன்னொரு துணி." அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

"அமுக்கிட்டேன். கத்துதாரு. விட மாட்டேன்" என்றாள். அவள் குரலில் நடுக்கமே இல்லை. கொஞ்ச நேரத்தில், "இப்ப கொறஞ்சிருக்கு" என்றாள்.

தெருமுனையில் வண்டி தெரிந்ததும் நான் கத்தியதில் டாக்டரே திடுக்கிட்டார். "வண்டி வந்துட்டு! தூக்குங்க!"

டிரம்களின் மேல் கதவைக் கட்டி, அதில் அவரைப் படுக்கவைத்து இழுத்து வந்தார்கள். காயத்தை அழுத்திய கையை எடுக்காமலே, மறுகையால் கதவைப் பிடித்தபடி அவளும் தண்ணீரில் கூடவே வந்தாள். அண்ணாச்சி பிழைத்தார், கொஞ்சம் நொண்டினார், அவ்வளவுதான்.

வண்டி போன பிறகு நானும் அவளும் ஈரச் சேலையோடு டாக்டர் வாசல் படியில் உட்கார்ந்தோம். நான் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "பக்கத்துச் சந்துலயும் பள்ளம் இருக்குல்லா மதினி? மழை முடியதுக்குள்ள இன்னொரு ஜோடி செஞ்சிருவமா?" என்றாள்.

துக்கம் ஆளை உட்கார வைத்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைச் சுமந்துகொண்டே எழுந்து இன்னொருவருக்காக நிற்கவும் முடியும் என்பதை அவளிடம் பார்த்தேன். பின்னாளில் என் வீட்டில் சாவு விழுந்த நாட்களிலும் என்னை எழுப்பி நடக்கவைத்தது அதுதான்.