கலையரசன் சொன்ன பதில்

இட ஒதுக்கீட்டை எதிர்த்து டெல்லியில் மருத்துவ மாணவர்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த 2006ஆம் வருடம் அது. கால்நடை மருத்துவத்தில் முனைவர் பட்டம் முடித்திருந்த கலையரசனை, டெல்லியில் ஓர் ஆய்வகம் போனில் நேர்காணலுக்கு அழைத்திருந்தது. நாய்களுக்குப் பரம்பரையாக வரும் பார்வை இழப்புக்கு எந்த மரபணு காரணம் என்று கண்டுபிடிக்கிற வேலை. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்த அவன் ஊரில் சிக்னல் கிடைக்காது. அதனால் கள்ளக்குறிச்சிக்கு வந்து பேசினான். கரும்பு வெட்டப் போகாமல் அப்பா பிச்சைமுத்துவும் கூடவே வந்திருந்தார்.

பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் அவன் தயங்காமல் பதில் சொன்னான். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் கோட்டாவில் வந்தவர் இல்லையே?" என்றார்.

"கோட்டாவா? நோ சார்" என்றான்.

போனை வைத்ததும் அப்பா கேட்டார்: "கோட்டான்னா நம்ம ஜாதி சர்டிபிகேட்டு தானடா? அதுக்கு ஏன் நோ சார்னு சொன்ன?"

அந்தச் சான்றிதழுக்காகக் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர் அவர்.

"அது இல்லப்பா. வடக்க கோட்டான்னு ஒரு ஊரு இருக்குது, பெரிய படிப்புக்குக் கோச்சிங் குடுக்கறதுல பேர் போன ஊரு. அங்க படிச்சியான்னு கேட்டாரு."

"ஓ, ஊரா? எனக்கு இன்னா தெரியும்!" பிச்சைமுத்து கூச்சத்தோடு சிரித்தார்.

அவர் நம்பிவிட்டது கலையரசனுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று உளுந்தூர்பேட்டையில் சென்னை பஸ் கண்டக்டரிடம் அப்பா பெருமையாகச் சொன்னார்: "எம்மவன் டில்லிக்குப் போறாங்க. கோட்டாவுல படிச்சவங்களும் இவங்கூட வேல செய்வாங்களாம்."

கலையரசன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் நகர்ந்தபோது அவர் கையாட்டினார். அவனால் கையைத் தூக்க முடியவில்லை.