மஞ்சளுக்கு அடியில் ஒரு வரி

பழைய தாளை ஸ்கேன் செய்தால், எழுத்தைத் தானே படித்து, திருத்தக்கூடிய கோப்பாக்கித் தரும் மென்பொருள் ஒன்றை என் கடைக் கணினியில் போட்டிருந்தேன். வேலை முடிந்ததும் பச்சை நிறத்தில் ‘நிறைவுற்றது’ என்று காட்டும். அந்தப் பச்சையை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று காலை எங்கள் மலையிலேயே இருக்கும் பைல் நாட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய அப்பா காலத்துப் பாகப் பத்திரம், தட்டச்சு செய்தது, இரண்டு தாள். கோப்பாகக் கொண்டுவந்தால் பெயர்களை மட்டும் மாற்றிப் புதுப் பத்திரம் போட்டுத் தருவதாக, கீழே அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலத்துப் பத்திர எழுத்தர் சொல்லியிருந்தாராம். அக்காவின் தம்பி அன்று சாயங்காலமே திருப்பூருக்கு வேலைக்குத் திரும்புகிறார். அதற்குள் கையெழுத்து வாங்கியாக வேண்டும்.

“ஊத்துத் தண்ணி வாரத்துல மூணு நாளு எம் பங்குக் காட்டுக்குன்னு கடைசியில இருக்கும். அது வந்துருச்சான்னு பாருங்க கண்ணு. அது இல்லீன்னா காடே காஞ்சு போயிரும்.”

எனக்கு ஐம்பது வயது. யாராவது கண்ணு என்றால் குளிர்ந்துபோகிற வயது. திரையில் பச்சை வந்திருந்தது. “எல்லாம் வந்துருச்சுங்க அக்கா” என்றேன். பார்க்கவில்லை. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த ஆளின் ஆதாரை வைக்க ஸ்கேனர் மூடியைத் தூக்கினால், பத்திரத்தின் இரண்டாம் தாள் அங்கேயே படுத்திருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள், குங்குமம். வருடா வருடம் பூசையில் வைத்து வைத்து, அது கீழே பரவிக் கடைசி வரியின் மேல் ஏறியிருந்தது. என் கண்ணுக்கு எழுத்து தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த இடம் வெறும் கரி. மென்பொருள் கரியைத் தள்ளிவிட்டு, நிறைவுற்றது என்று பல்லைக் காட்டியிருக்கிறது.

பதறிப்போய்க் கடையைப் பூட்டினேன், ஆதார்க்காரரை உள்ளே வைத்து. அவர் ஷட்டரைத் தட்டிய பிறகுதான் அது உறைத்தது. திறந்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒருவராகத் திட்டிக்கொண்டே இறங்கினேன்: மென்பொருள் செய்தவனை, கோப்பு கேட்ட எழுத்தரை, மஞ்சள் வைத்தவர்களை. இருபதாவது வளைவில் திட்ட வேறு ஆளில்லை. மீதி ஐம்பதும் எனக்கே.

எழுத்தரின் மேசை முன் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அச்செடுத்த பத்திரம் அப்படியே கிடந்தது.

“வாங்க கண்ணு. தண்ணி எங்கீங்க?”

“உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. படிச்சுக் காட்டச் சொன்னேன். எங்கப்பன் வருசா வருசம் மஞ்ச வெச்சுட்டு முழுசாப் படிப்பாரு. எதுக்கப்புறம் எது வருமுன்னு தெரியாதுங்களா?”

“பத்திரத்துல இல்லாததைச் சேக்கச் சொன்னா எப்படிங்க?” என்றார் பக்கத்தில் நின்ற தம்பி, எரிச்சலோடு.

நான் தாளை நீட்டினேன். தம்பி மஞ்சளின் மேல் கட்டை விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தார். பிறகு தாளை அக்காவின் முன் வைத்தார்.

“மிஷினு வேண்டாமுங்க. நீங்களே அடிங்க, நான் சொல்றேன்” என்றார் அக்கா. அவர் சொல்லச் சொல்ல எழுத்தரின் கணினியில் அந்த வரியை அடித்தேன். தாளோடு ஒத்துப் பார்த்தேன். ஓர் எழுத்து பிசகவில்லை. தம்பி கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது அக்கா, “எல்லாம் வந்துருச்சுன்னு சொன்னீங்களே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திரும்ப மலை ஏறும்போது எனக்கு எழுபது வளைவு போதவில்லை.