பீட்டர் கேட்ட மன்னிப்பு

எண்பதுகளின் கடைசியில், ஸ்ட்ரெதமில் மனவளர்ச்சி குன்றிய பெரியவர்கள் வாழும் இல்லமொன்றில் வேலை செய்தேன். பீட்டர் அங்கே இருபது வருடமாக இருந்தவர். அவருக்குச் சில சொற்களே பேச வரும்.

ஒருநாள் காலை அவர் சப்பாத்துப் போட மறுத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நிலையத்துக்குப் போகும் வான் வண்டி வெளியே காத்து நின்றது. அடம்பிடிக்கிறார் என்று நினைத்து, அவர் காலைப் பிடித்துச் சப்பாத்துக்குள் திணித்தேன்.

"சாரி, சாரி" என்றார். பணிந்துவிட்டார் என்று எண்ணி அனுப்பிவைத்தேன்.

மாலையில் அந்தக் கால் வீங்கிக் கறுத்திருந்தது. காலைக்கு முன்பே பாத எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

என்னோடு வேலை செய்த மலர் அக்கா அழுதுவிட்டார். "நோகுதெண்டு சொல்ல அவருக்குத் தெரியாது தம்பி. சின்னனிலை அழுதா அடிச்சிருப்பினம் போல. நொந்தா சாரி எண்டுதான் சொல்லுவார். நீர் வேலைக்கு வந்த முதல் நாளே உமக்குச் சொன்னனான் எல்லே?"

"ஓம் அக்கா. நான்தான் கவனிக்கேல்லை."

மாவுக்கட்டோடு திரும்பிய பீட்டரின் முன்னால் முழங்காலிட்டு, "சாரி, பீட்டர்" என்றேன். அவர் பதறிப்போனார். எனக்கு எங்கே நோகிறது என்று தேடி, என் கைகளையும் கால்களையும் தடவிப் பார்த்தார்.

நான்கு வருடம் கழித்து நிமோனியாவில் இறந்தார். அவர் என்னைக் கோபித்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருப்பேன்.