கீரைச் சட்டியில் தொங்கிய அட்டை

தொழிற்சாலை கேன்டீனில் எல்லோரும் 'கீரைக்கா' என்று கூப்பிடும் சமையல்காரி செய்யும் கீரையை மட்டும் எவரும் சீண்டுவதில்லை. "நாளைக்கும் மீந்துச்சுன்னா, நீங்க பாத்திரம் கழுவப் போயிடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் கரண்டி பிடித்த கைக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்!

மறுநாள் சட்டிகளுக்குப் பெயர் அட்டை மாட்டும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. அவளுக்கோ எழுத்து வாசனையே கிடையாது. பழைய அட்டைக் குவியலில் பச்சை நிறத்தில் ஒன்று கிடந்தது. பச்சை என்றால் கீரைதானே என்று மாட்டிவிட்டாள்.

முதலில் வந்த வெல்டர் அட்டையை முறைத்தார். "ஏன்க்கா, நாங்கள்லாம் மனுஷங்க இல்லையா? ரெண்டு கரண்டி போடு!"

"அவருக்கு மட்டுமா? எனக்கும்!" என்று பின்னால் நின்றவர்களும் தட்டை நீட்டினார்கள். நேற்றுவரை மூக்கைச் சுளித்த கூட்டம் சட்டியை வழித்துத் தின்றது.

கடைசியாக வந்த மேனேஜர் காலிச் சட்டியைப் பார்த்துவிட்டு, அட்டையை உரக்கப் படித்தார். "'மேனேஜர்களுக்கு மட்டும்.' எனக்கே இல்லையாக்கா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். படிச்சவங்கதான் தின்னுட்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டே அட்டையைக் கழற்றப் போனார். கீரைக்கா கரண்டியைக் குறுக்கே நீட்டினாள்.

"அது அங்கயே தொங்கட்டும். நாளைக்கு உங்களுக்கு ஒரு கிண்ணம் தனியா எடுத்து வெக்கிறேன்."