சனிக்கிழமை குத்திய பால் டின்கள்

ஊழியத்துக்கு வந்தவர்களோடு சேர்ந்து கூலிக்கு வேலை பார்ப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. மலாக்காவில் ஒரு கிறிஸ்தவ மிஷன் ஸ்டோரில் அந்தத் தண்டனையை நான் சில வருஷங்கள் அனுபவித்தேன். வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. தேவாலயத்துக்குப் பின்னால், முன்பு கொப்பரை அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகைதான் ஸ்டோர். கப்பலில் வந்த பழைய துணி மூட்டைகளும் சோப்பும் டின் பாலும் அங்கே வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து அடுக்கி, திங்கட்கிழமைதோறும் லாரியில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுகளுக்குப் போவோம்.

சம்பளம் வாங்கியவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் டவுனில் இருந்த வாத்தியார் மனைவி, ஆஸ்பத்திரி டிரஸர் மனைவி என்று கௌரவமான வீட்டுப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு கிராணியம்மா. அவள் கணவர் ஓர் எஸ்டேட் ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. நானோ எஸ்டேட் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவள். போதாக்குறைக்கு நெற்றியில் திருநீறு வேறு. மூட்டை தூக்க நான், துணி மடிக்க அவர்கள். எந்த வேலை சொன்னாலும் கூடவே, தாங்கள் ஆண்டவருக்காகச் செய்கிறோம், நீ சம்பளத்துக்குச் செய்கிறாய் என்பதும் வந்துவிடும். ஆண்டவருக்காக வந்தவர்கள் மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், சம்பளத்துக்கு வந்தவள்தான் பொழுது சாய்கிறவரை இருக்கிறாள் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம்தான் அங்கே நிம்மதியாக வேலை பார்த்தேன்.

அந்த வேலையை விட்டுத் தொலைக்காததற்குக் காரணம் லாரி. என் தங்கை புலாவ் செபாங் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் இருந்தாள். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். வேலி வாசலில் மாத்தாக்கள், போலீஸ்காரர்கள்தான், துப்பாக்கியோடு நின்று, போகிற வருகிற பையை எல்லாம் கொட்டிப் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஒரு பால் டின் எடுத்துப்போய் வழியில் பிடிபட்டால் ஜெயில்தான். மிஷன் லாரிக்கு மட்டும் வேலி வாசல்வரை போகப் பெர்மிட் இருந்தது. தங்கைக்கு அப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருந்தது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. நாங்கள் கொண்டுபோகும் டின் பாலை நம்பித்தான் அந்தப் பெண்குழந்தை உயிரோடு இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

டின்னில் அடைத்த எதைக் கொடுத்தாலும் மூடியில் ஆணியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். ஓட்டை போட்ட டின்னைப் பதுக்கி வைக்க முடியாது, காட்டுக்குள் அனுப்பவும் முடியாது. நாங்கள் வேலி வாசலில் வைத்து, மாத்தாவின் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் குத்திக் கொடுப்போம். வெயில் மண்டையைப் பிளக்கும். கிராணியம்மாவுக்குக் குடை பிடித்தும் தலைவலி வந்துவிடும். குடையைப் பிடித்திருந்தவள் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கிணற்றடியில் மூட்டைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். ஸ்டோருக்குள் ஒரே பாட்டுச் சத்தம், நடுநடுவே சுத்தியல் சத்தம். ஏதோ பெட்டிக்கு ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனால், திங்கட்கிழமைக்கான டின்கள் அத்தனையையும் குத்தி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், அன்று ஒரு துரும்பையும் அசைக்க மாட்டார்கள். ஆகவே திங்கட்கிழமை வேலையை முன்னதாகவே முடித்துவிட்டார்களாம். வெயிலில் நிற்கிற நேரம் மிச்சமாம். அது சீனி போடாத தண்ணிப் பால், குத்தினால் அன்றைக்கே குடித்துவிட வேண்டும் என்றேன். கிராணியம்மா சிரித்தாள். ஒரு டின்னை எடுத்துக் காட்டினாள். தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியை உருக்கி ஓட்டையை அடைத்திருந்தார்கள். இவ்வளவு யோசித்தவர்களுக்கு அந்தத் தகரக் கூரைக்கடியில் வெயில் நேரத்தில் மெழுகு நிற்குமா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிராணியம்மா வீட்டுக்கே போய் நின்றேன். ஸ்டோர் சாவியைக் கொடுத்தால் டின்களைக் கிணற்றடி நிழலில் ஈரச்சாக்கு போட்டு வைக்கிறேன், நீங்கள் யாரும் கை வைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். வாசற்படியில் நின்றபடியே பதில் சொன்னாள்.

“இன்னைக்கு ஓய்வுநாள். நானும் வேலை செய்யமாட்டேன், அடுத்தவங்களையும் செய்யவிடமாட்டேன். நாளைக்கு வா.”

உள்ளே அவளுடைய வேலைக்காரி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டோரைத் திறந்தபோது மெழுகு வழிந்து, டின்களின் மேல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. எறும்பைத் துடைத்து, மறுபடியும் மெழுகு வைத்து லாரியில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். வழியில் சாப்பாடு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பதால், புறப்படுவதற்கு முன்னால் எல்லாருக்கும் தேவாலயத்தில் ரொட்டியும் அவித்த முட்டையும் காப்பியும் உண்டு. எனக்கும் கிணற்றடியில் ஒரு தட்டு வந்துவிடும். ஆயிரம் சொன்னாலும் அதில் மட்டும் அவர்கள் குறை வைத்ததில்லை. வயிறாரச் சாப்பிட்டேன்.

வேலிக்கு உள்ளே பெண்கள் குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள். என் தங்கை நடுவில் இருந்தாள். லாரியை விட்டு இறங்கியதும் நான் ஒரு டின்னின் மெழுகைச் சுரண்டி முகர்ந்தேன். புளித்த வாடை அடித்தது. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. மாத்தா பார்க்க, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, அந்த டின்னைக் கிராணியம்மாவிடம் நீட்டினேன்.

“நல்ல பாலுன்னு சொல்றீங்களே, முதல்ல நீங்க குடிங்க.”

அவள் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள், அங்கேயே என்னை வேலையைவிட்டு நிறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் டின்னை வாங்கினாள். அண்ணாந்து, மூக்கைக்கூடச் சுளிக்காமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பால் நன்றாகத்தான் இருக்கிறது, சம்பளத்துக்கு வருகிறவர்களுக்கு எல்லாமே கெட்டதாகத் தெரியும் என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள். என் வாழ்நாளில் வேறு யாரையும் நான் அப்படி வெறுத்ததில்லை.

பெண்கள் பாலை வாங்கினார்கள். வேண்டாம் என்று சொல்லப் போன என்னை ஒருத்தி, டவுனில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட வந்தாயா என்று கேட்டாள். தங்கையும் இரண்டு டின்னை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். வேலிக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்குக் கொடுக்காதே, கீழே ஊற்றிவிடு என்று கத்தினேன். பெரிய கிராணி வீட்டு அம்மாவே குடித்தார்கள், நான் குடிக்கக் கொடுப்பதற்கு என்ன என்று கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். மாத்தா என்னைக் கம்பியிலிருந்து விலகச் சொன்னான்.

கிராணியம்மாவுக்கு அன்று சாயங்காலமே வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். எஸ்டேட் ஏழைகளுக்காகப் பாடுபட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று தேவாலயத்தில் அவளுக்காக ஜெபம் செய்தார்கள். பாலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. எஸ்டேட்டில் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றாள் வாத்தியார் மனைவி. அந்த வாரம் முழுவதும் நான் தூங்கினேனா என்றால், இல்லை. துணி அலசும்போதும் மூட்டை தூக்கும்போதும் கிராணியம்மாவைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, கிராணியம்மா இல்லாமல், ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு லாரி ஏறினோம். வரிசையில் சில பெண்கள் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பேதியாகி அலோர் காஜா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள், பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். என் தங்கை கடைசியில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது. எனக்கு உயிர் வந்தது. நான் கத்தியது வீண் போகவில்லை, என் பேச்சைக் கேட்டிருக்கிறாள் என்று அந்த நிமிஷம் பெருமைப்பட்டேன். அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன்.

“நீ சொன்னதுக்காக இல்லக்கா,” என்றாள். கண்ணெல்லாம் குழிவிழுந்து கிடந்தது. “நான்தான் குடிச்சேன். ரெண்டு டின்னையும் வீட்டுக்குப் போற வழியிலேயே நின்னு குடிச்சிட்டேன்.”

வேலை செய்யாதவர்களுக்கு அரிசி குறைவு. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவள் ரப்பர் மரம் சீவும் வெட்டுக்குப் போகவில்லை. கிடைத்ததையும் மரம் வெட்டப் போகிற புருஷனுக்குப் போட்டுவிடுவாள், அவன் விழுந்துவிட்டால் சம்பளம் இல்லை. இதெல்லாம் லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. குழந்தைக்கு என்ன கொடுத்தாய் என்றுதான் அப்போதும் கேட்டேன்.

“பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளையோட சேத்து இதுக்கும் பால் குடுக்கறாங்க. அவங்க பெத்து ஒரு வருஷமாச்சு, எத்தன நாளைக்குக் குடுப்பாங்க? பிள்ளைக்குப் பால், பிள்ளைக்குப் பால்னு அந்தம்மாவும் சண்ட போட்டாங்க, நீயும் சண்ட போட்ட. எனக்கு ஏன் பால் சுரக்கலன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? போ லா, போய் லாரில ஏறு.”

அவள் தன் பங்கு டின்களுக்குக் கையை நீட்டினாள். வாத்தியார் மனைவி இந்த முறை வாசலில் வைத்தே ஆணியால் குத்திக் கொடுத்தாள். தங்கை வாங்கிக்கொண்டு போனாள். கிராணியம்மாவுக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது என் வாயில் வரவில்லை. லாரி கிளம்பி ரப்பர் காட்டுக்குள் குலுங்கிக்கொண்டு போனபோது எனக்கு ஏப்பம் வந்தது. காலையில் தின்ற முட்டை வாசம். முந்தானையால் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.